காருக்குச் சவரம்

இந்தப் பக்கத்துக்கு வாராவாரம் வரும் கடிதங்களைச் சாதாரணமாக இரண்டு கட்டாகக் கட்டிவிடலாம். "சென்ற வாரம் நீங்கள் எழுதியது பிரமாதம்" என்பவை ஒரு கட்டு. "சென்ற வாரம் நீங்கள் எழுதியது சுத்தத் தவறு" என்பவை இன்னொரு கட்டு. எந்தக் கட்டு கனமாக இருக்கும் என்று என்னைக் கேட்காதீர்கள். இரண்டிலும் சேராத கடிதம் ஒன்று அண்மையில் வந்தது. அரியலூர் மாவட்டம் தா.பழூரிலிருந்து ஒரு தாயார் எழுதியிருந்தார்.

"என் மகன் ஒரு பழைய கார் வாங்கியிருக்கிறான். வாங்கியதில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் வாங்கிய மூன்றாம் மாதமே அதன் பின் கதவு இரண்டிலும் இருந்த கைப்பிடிகளைக் கழற்றிவிட்டு, ஓட்டையைத் தகடு வைத்து அடைத்து, மொழுமொழுவென்று பெயிண்ட் அடித்துக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறான். இப்போது முன் கதவுகளையும் அப்படியே செய்யப் போகிறானாம். கேட்டால் 'ஷேவிங்' என்று இங்கிலீஷில் ஏதோ சொல்கிறான். காருக்குக் கூடவா சவரம் செய்வார்கள்? இது சரியா, தப்பா என்று உங்கள் பக்கத்தில் எழுதுங்கள். நான் சொன்னால் கேட்கமாட்டான். பத்திரிகையில் வந்தால் கேட்பான்."

கடைசி வாக்கியம் என் உச்சியைக் குளிரச் செய்துவிட்டது என்பதை மறைப்பானேன்? பத்திரிகையில் வந்தால் கேட்கிற பிள்ளைகள் இன்னும் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள்! அப்படிப்பட்ட பிள்ளையை நேரிலேயே பார்த்துவிடுவது என்று தீர்மானித்தேன். கும்பகோணத்தில் வேறொரு வேலையும் இருந்தது. அதை முடித்துக்கொண்டு, நீலத்தநல்லூர் வழியாகக் கொள்ளிடத்துப் பாலம் ஏறி, மதனத்தூரில் இறங்கி, தா.பழூர் போய்ச் சேர்ந்தேன். சித்திரை மாதத்து வெயில். கொள்ளிடத்தில் தண்ணீருக்குப் பதிலாக மணல்தான் கண்ணுக்கெட்டிய தூரம் ஓடிக்கொண்டிருந்தது.

பையன் நல்ல பையன். இருபத்து நாலு, இருபத்தைந்து வயதிருக்கும். "வாங்க சார், உள்ள வாங்க. அம்மா எழுதினது எனக்கே இன்னைக்குத்தான் தெரியும்" என்று சிரித்துக்கொண்டே வரவேற்றான். நாற்காலி போட்டு, மோர் கொடுத்து, பிறகு காரைக் காட்ட அழைத்துப் போனான்.

வாசகர்களே, உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். கார் அழகாகத்தான் இருந்தது. பின் கதவு எங்கே ஆரம்பிக்கிறது, எங்கே முடிகிறது என்று ஒரு மெல்லிய கோட்டை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. ஆற்றில் உருண்டு உருண்டு வழவழப்பான கூழாங்கல்லைப் போல் இருந்தது. நான் கதவைத் திறக்கக் கையை நீட்டினேன். பிடிக்க ஒன்றும் இல்லை. கை தகட்டில் வழுக்கிக்கொண்டு போயிற்று.

"இருங்க சார்" என்று அவன் சட்டைப் பையிலிருந்து சின்ன ரிமோட் ஒன்றை எடுத்து அமுக்கினான். 'டக்' என்று ஒரு சத்தம். கதவு தானாக இரண்டு விரற்கடை வெளியே வந்து நின்றது. அலிபாபாவின் குகை கெட்டது போங்கள்! எனக்கே கை தட்டலாம் போலிருந்தது.

இது எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொண்டால்தான் அந்தத் தாயாரின் கேள்விக்குப் பதில் சொல்ல முடியும். ஆகையால் கதவுக்குள்ளே சற்று எட்டிப் பார்ப்போம்.

சாதாரணக் கார்க் கதவின் ஓரத்தில் ஒரு கொக்கி இருக்கிறது. கதவைச் சாத்தினால், வண்டியின் தூணில் பதித்திருக்கும் இரும்பு வளையத்தை அந்தக் கொக்கி கவ்விக்கொள்ளும். வெளியே உள்ள கைப்பிடியை இழுத்தால், கதவுத் தகட்டுக்கு உள்ளே ஓடும் ஒரு கம்பி அந்தக் கொக்கியைத் தளர்த்திவிடும். உள்ளே இருக்கும் கைப்பிடிக்கும் இதேபோல் ஒரு கம்பி உண்டு. வெறும் கம்பிதான். மின்சாரம் வேண்டாம், பாட்டரி வேண்டாம். கை இருந்தால் போதும்.

'சவரம்' செய்கிறபோது வெளிக் கைப்பிடியை அதன் கம்பியோடு எடுத்துவிடுகிறார்கள். இருந்த இடத்தில் தகடு வெட்டிப் பற்றவைத்து, அராவி, பட்டி பார்த்து, வர்ணம் அடிக்கிறார்கள். கை செய்த வேலையைச் செய்ய உள்ளே ஒரு மின்காந்தம் வைக்கிறார்கள். பழைய நாள் 'டிங் டாங்' அழைப்பு மணியைப் பிரித்துப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். கம்பிச் சுருளுக்குள் ஒரு இரும்புத் தண்டு. சுருளில் மின்சாரம் பாய்ந்தால் தண்டு விசுக்கென்று உள்ளே இழுபடும். அந்தத் தண்டைக் கொக்கியோடு கோத்துவிட்டால் தீர்ந்தது. ரிமோட்டை அமுக்கினால் காரின் 12 வோல்ட் பாட்டரியிலிருந்து மின்சாரம் போகும், தண்டு இழுக்கும், கொக்கி விடும். விட்டால் மட்டும் கதவு திறந்துவிடாது. இழுக்கத்தான் பிடி இல்லையே! அதற்காக ஸ்பிரிங் வைத்த ஒரு முளை கதவை வெளியே தள்ளிவிடும். அந்த இடுக்கில் விரலை விட்டுத் திறந்துகொள்ள வேண்டும்.

இந்தக் கலை பிறந்த ஊர் அமெரிக்காவின் கலிபோர்னியா. 1940-களில் அங்கே வாலிபர்கள் பழைய கார்களை வாங்கி, கூரையை வெட்டித் தாழ்த்தி, வண்டியைத் தரையோடு தரையாக இறக்கி, மினுங்குகிற அலங்காரங்களையெல்லாம் கழற்றி வீசத் தொடங்கினார்கள். கதவின் கைப்பிடியும் போயிற்று. வெளியே மறைவான இடத்தில் ஒரு பொத்தான். அதைச் சொந்தக்காரனுக்குத்தான் தெரியும். ஜார்ஜ் பாரிஸ், சாம் பாரிஸ் என்ற சகோதரர்கள் லாஸ் ஏஞ்சலீஸ் பக்கத்தில் இந்த வேலைக்குப் பெயர் போன பட்டறை வைத்திருந்தார்கள். 1951-ஆம் வருஷத்து மெர்க்குரி கார் ஒன்றை ஹிரோஹாட்டா என்பவருக்காக அவர்கள் இழைத்துக் கொடுத்தார்கள். 1952-இல் கண்காட்சிக்கு வந்த அந்தப் பச்சை வண்டியை, இந்த ரகக் கார்களுக்கே அரசன் என்று இன்றும் சொல்கிறார்கள். 2022 ஜனவரியில் அது ஏலத்தில் இருபது லட்சம் டாலருக்கு மேல் போயிற்று. நம் தா.பழூர்ப் பையனின் டெலிபோனிலும் அந்தக் காரின் படம் இருந்தது. சுவாமி படத்துக்கு அடுத்த படம் அதுதான்.

இதில் அதிசயப்பட ஒன்றும் இல்லை. வண்டியை வந்தபடியே வைத்துக்கொள்கிற வழக்கம் நமக்கும் இல்லை. மாட்டு வண்டிக்குக் கொம்பும் குஞ்சமும் கட்டியவர்கள் நாம். கரூரில் பஸ்ஸுக்கும் நாமக்கல்லில் லாரிக்கும் கூடு கட்டுகிற தொழிலாளர்கள், வெறும் சட்டத்தின் மேல் ஒரு வீட்டையே எழுப்பிவிடுகிறார்கள். தன் வண்டி ஊரில் உள்ள மற்ற வண்டிகளைப் போல் இருக்கக் கூடாது என்று ஒரு வாலிபன் நினைப்பது பாவம் இல்லை.

ஆனால் ஒன்று கவனியுங்கள். அந்த ஹிரோஹாட்டாவின் வண்டி இரண்டே கதவு உள்ள வண்டி. கண்காட்சிக்குப் போய்ப் பரிசு வாங்கிய வண்டி. அதில் பாட்டியை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவது என்ற பேச்சே இல்லை.

பாட்டி என்றதும் கதைக்கு வருகிறேன்.

நாங்கள் பேசிக்கொண்டிருந்ததைப் பையனின் அப்பாயி திண்ணையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். எழுபத்தெட்டு வயது. காது நன்றாகக் கேட்கிறது. முழங்கால்தான் மடங்க மறுக்கிறது. பேரன் மின்காந்தத்தின் பெருமையைச் சொல்லி முடித்ததும் அவர் வாயைத் திறந்தார்.

"எல்லாம் சொன்னியே, கடைத்தெருவுல நடந்ததைச் சொன்னியா?"

பையன் தரையைப் பார்த்தான். பாட்டி என்னிடம் சொன்னார்.

ஒரு மாதத்துக்கு முந்தி, வெள்ளிக்கிழமை. பாட்டியை டாக்டரிடம் காட்டிவிட்டுத் திரும்பி வருகிற வழியில், உரக் கடையில் ஒரு கணக்குப் பார்க்க வேண்டும் என்று பேரன் காரைக் கடைத்தெருவில் நிறுத்தினான். "ரெண்டே நிமிஷம் அப்பாயி" என்று சொல்லிவிட்டுப் போனான். பழக்க தோஷத்தில் காரைப் பூட்டிக்கொண்டே போய்விட்டான். கண்ணாடி நாலு விரற்கடைதான் இறங்கியிருந்தது. உரக் கடைக் கணக்கு இரண்டு நிமிஷத்தில் முடிந்த சரித்திரம் எந்த ஊரிலாவது உண்டா?

சிறிது நேரத்தில் பாட்டிக்கு வேர்த்துக் கொட்டியது. கதவைத் திறக்கலாம் என்று உள் கைப்பிடியை இழுத்தார். வரவில்லை. காரணம், பின் கதவில் 'குழந்தைப் பூட்டு' போட்டிருந்தது. வண்டி ஓடும்போது குழந்தைகள் கதவைத் திறந்துவிடாதபடி, பின் கதவின் ஓரத்திலேயே ஒரு சின்ன நெம்புகோல் உண்டு. அதைத் தள்ளிவிட்டால் உள் கைப்பிடி வேலை செய்யாது. வெளியே இருந்துதான் திறக்க முடியும். அக்காள் குழந்தை லீவுக்கு வந்திருந்ததால் போட்டு வைத்தது; எடுக்க மறந்துவிட்டார்கள்.

டீக்கடைக்காரர் பார்த்துவிட்டு ஓடி வந்தார். பஸ்ஸுக்கு நின்றவர்களும் கூடினார்கள். "ஆயா, கண்ணாடிகிட்ட ஒரு குமிழ் இருக்கு பாருங்க, அதை மேல தூக்குங்க" என்று ஒருவர் சொல்ல, பாட்டியும் தூக்கிவிட்டார். பூட்டு திறந்துவிட்டது. இனி வெளியே ஒருவர் கைப்பிடியை இழுக்க வேண்டியதுதான் பாக்கி.

எதை இழுப்பது?

டீக்கடைக்காரர் கதவைத் தடவினார். பக்கத்தில் நின்றவர் தடவினார். ஆளுக்கொரு பக்கம் தடவினார்களாம். முன் கதவுகளில் கைப்பிடி இருந்தது. ஆனால் அவை பூட்டிக் கிடந்தன. முன் ஸீட்டுக்குத் தாண்டிப் போய்த் திறக்கப் பாட்டியின் முழங்கால் இடம் கொடுக்கவில்லை. ரிமோட்டோ பேரன் சட்டைப் பையில், உரக் கடையின் உள் அறையில். கடைசியில் ஒரு பையன் ஓடிப் போய் அவனை இழுத்து வந்தான். எல்லாமாகப் பத்து நிமிஷம்.

"நான் என்ன உற்சவ மூர்த்தியா, கண்ணாடிக்குள்ள உட்கார வெச்சு ஊரே சுத்தி நின்னு பாக்குறதுக்கு?" என்று பாட்டி கேட்டார். கேட்டுவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். பையன் சிரிக்கவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது.

பத்து நிமிஷம் என்பது சின்ன விஷயம் இல்லை, வாசகர்களே. பூட்டிய காருக்குள் வெயில் என்ன செய்யும் என்று அமெரிக்காவில் ஆராய்ந்து 2005-இல் வெளியிட்டார்கள். வெளியே இதமாக 22 டிகிரி செல்சியஸ் இருந்த நாளில்கூட, ஒரு மணி நேரத்தில் காரின் உள்ளே 47 டிகிரி வரை போகிறது. ஏறுகிற சூட்டில் ஐந்தில் நான்கு பங்கு முதல் அரை மணிக்குள்ளேயே ஏறிவிடுகிறது. கண்ணாடியைச் சிறிதளவு இறக்கி வைப்பதால் பெரிய பயன் இல்லை என்றும் கண்டார்கள். இது 22 டிகிரிக் கணக்கு. அரியலூர்ப் பக்கத்துச் சித்திரைக்கு நீங்களே கூட்டிக்கொள்ளுங்கள்.

2022 ஜூன் மாதம் திருநெல்வேலி மாவட்டம் பணகுடிக்குப் பக்கத்தில், நிறுத்தியிருந்த காருக்குள் விளையாடப் புகுந்த மூன்று குழந்தைகள் வெளியே வர முடியாமல் இறந்துபோனார்கள். 2025 மே மாதம் ஆந்திராவில் விஜயநகரம் பக்கம் துவாரபூடியில் நான்கு குழந்தைகள் அதேபோல் போனார்கள். அந்தக் கார்களில் யாரும் கைப்பிடியை எடுத்துவிடவில்லை. அங்கே குறைந்தது பார்க்கிற கண். ஆனால் கண் பார்த்த பிறகும் கை திறக்க முடியாதபடி ஒரு வண்டியை நாமாகவே செய்து வைக்கலாமா என்பதுதான் கேள்வி.

விபத்தும் இருக்கிறது. மோதிய வேகத்தில் பாட்டரிக் கம்பி அறுந்தால் மின்காந்தம் செத்த பாம்பு. ரிமோட் எங்கேயோ விழுந்து கிடக்கும். கெட்டிக்காரப் பட்டறைக்காரர்கள் இதற்காகக் காரின் அடியில் ரகசியமாக ஒரு கம்பியைத் தொங்கவிடுவது உண்டு, இழுத்தால் திறக்கும். ஆனால் அந்த ரகசியம் யாருக்குத் தெரியும்? சொந்தக்காரருக்கு. அவர் எங்கே இருக்கிறார்? உள்ளே, மயங்கிக் கிடக்கிறார். சாலையில் ஓடி வந்து உதவுகிற லாரி டிரைவருக்கும், வயலிலிருந்து ஓடி வருகிற குடியானவருக்கும், 108 ஆம்புலன்ஸில் வருகிறவருக்கும் உங்கள் காரின் ரகசியம் தெரியாது. அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான்: கதவு என்றால் பிடி இருக்கும், இழுத்தால் திறக்கும்.

"ஏன் சார், பெரிய பெரிய கம்பெனிக் காரிலேயே இப்பல்லாம் கைப்பிடி வெளியே தெரியறதில்லையே?" என்று பையன் கேட்டான். நியாயமான கேள்வி. பத்திரிகை படிக்கிற பையன் என்று தாயார் சொன்னது சும்மா இல்லை.

அமெரிக்காவின் டெஸ்லா கம்பெனி 2012-இல் கொண்டுவந்த மாடல் எஸ் என்ற காரில் கைப்பிடி கதவோடு கதவாகப் படுத்திருந்து, சொந்தக்காரர் கிட்டே வந்தால் வெளியே நீளும். பிறகு உலகம் முழுவதும் அது மோஸ்தர் ஆகிவிட்டது. நம் நாட்டிலும் 2021-இல் மஹிந்திரா எக்ஸ்.யூ.வி.700, 2024-இல் டாட்டா கர்வ் என்று படுத்த கைப்பிடிகள் வந்துவிட்டன. ஆனால் இவை ஒளிந்திருக்கும் கைப்பிடிகள். இல்லாத கைப்பிடிகள் அல்ல. கம்பெனிக்காரர்கள் சோதனை போட்டு, சர்க்கார் அங்கீகாரம் வாங்கி விற்பவை.

அப்படியிருந்தும் வம்பு வராமல் இல்லை. 2019 பிப்ரவரியில் புளோரிடா மாகாணத்து டேவி என்ற ஊரில் ஒரு மாடல் எஸ் மரத்தில் மோதித் தீப்பிடித்தது. உதவ வந்த போலீஸ்காரரால் கதவைத் திறக்க முடியவில்லை, கைப்பிடி வெளியே நீளவில்லை என்று இறந்தவரின் குடும்பத்தார் வழக்குப் போட்டார்கள். 2025 செப்டம்பரில் அமெரிக்க அரசின் சாலைப் பாதுகாப்பு இலாகா, 2021-ஆம் வருஷத்து டெஸ்லா மாடல் ஒய் கார்கள் சுமார் 1,74,000 பற்றி விசாரணை தொடங்கியது. பாட்டரியின் சக்தி குறைந்தபோது வெளிக் கதவு திறக்கவில்லை என்று ஒன்பது புகார்கள். குழந்தை உள்ளே, தாய் தகப்பன் வெளியே. நான்கு இடங்களில் கண்ணாடியை உடைத்துத்தான் திறந்தார்களாம்.

படுத்த கைப்பிடிக் கார்கள் ஏராளமாக ஓடுகிற சீனாவே இதற்கு ஒரு முடிவு கட்டியது. மின்சாரம் போனாலும் வெறும் கையால் திறக்கக்கூடிய பிடி காரின் ஒவ்வொரு பக்கக் கதவிலும் வெளியே இருந்தாக வேண்டும் என்று விதி எழுதி, 2027 ஜனவரி முதல் தேதி என்று நாளும் குறித்தார்கள். கை நுழைய எவ்வளவு இடம் என்பதைக்கூட அளந்து வைத்துவிட்டார்கள்: 6 சென்டிமீட்டர் நீளம், 2 சென்டிமீட்டர் அகலம், 2.5 சென்டிமீட்டர் ஆழம். ஒரு மனிதனின் நாலு விரல் போகிற இடம்! எழுபது வருஷ மோஸ்தர் எல்லாம் சுற்றிவிட்டுக் கடைசியில் நாலு விரலுக்கு வந்து நின்றிருக்கிறது.

நம் சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தாயார் கேட்டது அதையும் சேர்த்துத்தான். 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரித்தவர் முதலில் குறித்துக் கொடுத்து, பதிவுச் சான்றிதழில் ஏறியிருக்கும் விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில், 2019 ஜனவரி 9-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதி செய்தது. அதே வருஷம் வந்த திருத்தச் சட்டம், அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் ரூ.5,000 அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று வைத்திருக்கிறது. கம்பெனி வைத்த கைப்பிடியை வெட்டி எடுத்துவிட்டு, "சும்மா அலங்காரம் ஐயா" என்று வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் போய் நின்றால் என்ன பதில் கிடைக்கும் என்று யூகித்துக்கொள்ளலாம். விபத்து நேர்ந்தால் இன்ஷூரன்ஸ்காரர்களும் முதலில் கேட்கிற கேள்வி இதுவாகத்தான் இருக்கும்.

அதே 52-வது பிரிவில் இன்னொன்றும் இருக்கிறது. கால் வராத ஒருவர் கையாலேயே ஓட்டும்படி தம் வண்டியை மாற்றிக்கொள்ள வேண்டுமானால், அதற்கு அனுமதி கொடுக்கலாம் என்று சட்டமே வழி விட்டிருக்கிறது. ஒரு மனிதருக்குக் கதவைத் திறந்துவிடுகிற மாற்றத்துக்கு வழி உண்டு. பலருக்குக் கதவை மூடிவிடுகிற மாற்றத்துக்கு இல்லை. சட்டம் சில சமயம் நம் பாட்டிகளைப் போலவே பேசுகிறது!

நம் பழைய வீடுகளின் வாசல் கதவை நினைத்துப் பாருங்கள். தாழ்ப்பாள் உள்ளே இருக்கும், அது வீட்டுக்காரருக்கு. கதவின் வெளிப்பக்கம் பித்தளை வளையம் ஒன்று தொங்கும். வீட்டுக்காரருக்கு அதனால் என்ன உபயோகம்? அவர்தான் உள்ளே இருக்கிறாரே! அது வருகிறவருக்கு. தபால்காரருக்கு, பால்காரிக்கு, ராத்திரி ஓடி வந்து "ஐயா, எழுந்திருங்க" என்று தட்டுகிற அண்டை வீட்டுக்காரருக்கு. காரின் வெளிக் கைப்பிடியும் அப்படித்தான். காசு கொடுத்து வாங்கியவர் நீங்கள்; ஆனால் அது உங்களுக்காக மட்டும் வைத்தது அல்ல. உங்களுக்கு ரிமோட் இருக்கிறது. பெயர் தெரியாத ஒருவர் ஒரு நாள் உங்களைக் காப்பாற்ற ஓடி வரும்போது, அவர் கை பிடிக்க அது அங்கே இருக்க வேண்டும்.

இதைத்தான் நான் அந்தப் பையனிடம் சொன்னேன். அவன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான்.

"அப்ப அழகே வேணாமா சார்?"

"வேண்டும் தம்பி. அழகு செய்யக் கார் முழுவதும் கிடக்கிறதே! கைப்பிடியையே தேய்த்துக் கண்ணாடி மாதிரி ஆக்கேன், யார் வேண்டாம் என்றார்கள்?" என்றேன்.

வாசகர்களுக்கும் மூன்று வார்த்தை சொல்லிவிடுகிறேன். உங்கள் கார் சவரம் செய்யாத காராகவே இருக்கட்டும். இருந்தாலும் பின் கதவின் ஓரத்தில் அந்தக் குழந்தைப் பூட்டு எங்கே இருக்கிறது, போட்டிருக்கிறதா, எடுத்திருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். வெளிக் கைப்பிடி இறுகிக் கிடந்தால் எண்ணெய் விடுங்கள். உடைந்திருந்தால் "அந்தப் பக்கத்துக் கதவுதான் திறக்கிறதே" என்று விட்டுவிடாதீர்கள். யாராவது உள்ளே மாட்டிக்கொண்டு வேறு வழி இல்லையென்றால், பக்கத்துக் கதவின் கண்ணாடியை, உள்ளே இருப்பவருக்குத் தூரமான கதவாகப் பார்த்து, மூலையில் கூரான ஒன்றால் ஓங்கி அடியுங்கள், பொலபொலவென்று உதிர்ந்துவிடும். முன் கண்ணாடியை அடித்துக் கையை நோகச் செய்துகொள்ள வேண்டாம். அது நடுவில் பசை வைத்து ஒட்டிய இரட்டைக் கண்ணாடி, லேசில் விடாது.

நான் கிளம்புகிற நேரத்தில் பாட்டியைக் கோயிலுக்கு அழைத்துப் போகக் கார் புறப்பட்டது. பேரன் பின் கதவுக்காக ரிமோட்டை எடுத்தான். பாட்டி அவனைத் திரும்பியே பார்க்கவில்லை. மெல்ல நடந்து முன் கதவண்டை போய், கைப்பிடியைத் தாமே இழுத்துத் திறந்து, முன் ஸீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது தாயாரிடமிருந்து இன்னொரு கடிதம் வந்தது. முன் கதவுச் சவரம் நின்றுவிட்டதாம். பத்திரிகையில் வருவதற்கு முன்னாலேயே கேட்டுவிட்டான்! பின் கதவுகளைத் திரும்ப வெட்டிப் பழையபடி ஆக்கப் பட்டறைக்காரர் பெரிய தொகை கேட்கவே, கழித்துப் போட்ட அதே ரகக் கார்களிலிருந்து கைப்பிடியோடு இரண்டு கதவுகளை வாங்கி மாட்டிவிட்டானாம். ஒன்று சிவப்பு, ஒன்று வெள்ளை; கார் நீலம். வர்ணம் அடிக்க அடுத்த அறுவடை வரை பொறுக்க வேண்டுமாம்.

"ஊரே சிரிக்கிறது" என்று தாயார் எழுதியிருக்கிறார். "ஆனால் மாமியார் மட்டும் இப்போது பின் ஸீட்டில்தான் உட்காருகிறார்."